சுவரில் ஒரு மூட்டை குறைவு

எங்கள் ஃபிஜியில் மச்சான் மச்சானைத் திட்டாமல் இருந்தால், ஒன்று வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை இரண்டு பேரில் ஒருவனுக்கு வாய்ப்புண் வந்திருக்க வேண்டும். மற்றபடி பார்த்த இடத்தில் திட்டிக்கொள்வதுதான் மரியாதை. "என்னடா பன்னித் தலையா, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று ஒருவன் கேட்பான். "உன் சாவுச் சோறு திங்காம போயிடுவேனா?" என்று மற்றவன் சொல்வான். பிறகு இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள்.

அதனால், சார்ஜெண்ட் சகியுசா தன் தங்கை புருஷனான சிப்பாய் பெனையாவைப் பார்த்து, "தயவுசெஞ்சு அந்தத் தண்ணி வாளிய எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டபோது எனக்கு ஈரக்குலை நடுங்கியது. மூன்று மாதமாக இதே கதைதான். "நன்றி", "சிரமத்துக்கு மன்னிக்கணும்", "சரிங்க சார்ஜெண்ட்". இதற்கு அவர்கள் கட்டிப்பிடித்து உருண்டு ஒருவன் பல்லை ஒருவன் உடைத்திருக்கலாம்.

நான் அபகுக்கி. கார்ப்பரல், சமையல்காரன். சினாய் பாலைவனத்தில் எங்கள் காவல் மேட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கீழே சாலையில் போகிற வண்டிகளை எண்ணி எழுதுவோம். மணிக்கொரு தடவை ரேடியோவில் "அமைதி" என்று சொல்வோம். காற்றடித்துச் சரிந்த மணல் மூட்டைகளைத் திரும்ப அடுக்குவோம். இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள எங்களைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ள யாரையும் அனுப்பவில்லை.

சகியுசா நல்லவன்தான், ஆனால் அவனுக்கு ஒரு வியாதி உண்டு. விடிந்ததும் தன் அறையைச் சுற்றியிருக்கிற மணல் மூட்டைகளை எண்ணுவான். கிழிந்த மூட்டையைத் தூக்கிப் போட மாட்டான். மடியில் போட்டுக்கொண்டு நீல நூலால் தைப்பான். அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தங்கச்சி பாவாடையையெல்லாம் அவன்தான் தைத்துக் கொடுத்தானாம். அந்தப் பழக்கம் இங்கே வந்தும் விடவில்லை.

தங்கச்சி பெயர் வசித்தி. சவுசவு பக்கத்தில் அவர்கள் ஊர். கோரோ தீவுக்காரனான பெனையா லீவில் வந்தபோதெல்லாம் கொப்பரை ஏற்ற அங்கே போய்வந்துகொண்டிருந்தான். கொப்பரையை மட்டும் ஏற்றியிருக்க வேண்டியதுதானே. ஒரு விடியற்காலைப் படகில் வசித்தியையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போய்விட்டான்.

ஓடிப்போவது எங்கள் ஊரில் புதிதல்ல. அதற்கும் முறை இருக்கிறது. பையன் வீட்டார் திமிங்கிலப் பல்லும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டு வாசலில் தலை குனிந்து உட்கார வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர் அதைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, அன்றிலிருந்து மச்சான்கள் திட்டிக்கொள்ளலாம். பெனையா வீட்டார் நாள் பார்த்தார்கள். அந்த வாரம் புயல் வந்து தீவின் படகுத்துறையையே தூக்கிக்கொண்டு போனது. துறையைத் திரும்பக் கட்ட மாதக்கணக்கானது. அடுத்து நாள் பார்ப்பதற்குள் பெனையாவுக்கு சினாய் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இங்கே வந்து லாரியிலிருந்து குதித்துச் சல்யூட் அடித்தவன், எதிரே நிற்கிற சார்ஜெண்டின் முகத்தைப் பார்த்தான். அடித்த கையை இறக்க மறந்து நின்றான்.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மரவள்ளி கிடைக்காத ஊரில் உருளைதான் மரவள்ளி. பெனையா வந்து எதிரே உட்கார்ந்து, கேட்காமலே கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, உள்ள செய்தித்தாள் சுத்தி ஒரு கட்டு தொங்கவிட்டிருந்தேனே. எங்க?"

"எந்தக் கட்டு?"

"யங்கோனா வேர். எங்கப்பா அனுப்பினது. முழு வேர், மாமா. தண்டோட."

என் கையிலிருந்த கிழங்கு நழுவிப் பாத்திரத்தில் விழுந்தது. நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மரத்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து யங்கோனா குடிப்பது வழக்கம். படை கொடுத்த வேர் தீர்ந்துபோயிருந்தது. உள்ளே தொங்கின கட்டையும் படைக் கட்டு என்று நினைத்து இறக்கினேன். வேர் எலும்பு மாதிரி கெட்டியாக இருக்கவே, 'அடடா, இந்தத் தடவை நல்ல சரக்கு அனுப்பியிருக்கானுங்க' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, உரலில் போட்டு இடித்துத் தூளாக்கிவிட்டேன்.

"இடிச்சிட்டேன்டா," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"நேத்து நீயும்தானே குடிச்ச?"

"நல்லா இருக்கேன்னு ரெண்டு சிரட்டை கூடவே குடிச்சேன், மாமா," என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தூள் குடிப்பதற்கு. மன்னிப்புக் கேட்க முழு வேர் வேண்டும், கட்டியபடி வேண்டும். சிப்பாய் குடும்பத்துக்குத் திமிங்கிலப் பல் எட்டாது, வேராவது போகட்டும் என்று அவன் அப்பா தோட்டத்தில் ஆறு வருஷ வேரைப் பிடுங்கிக் காயவைத்து அனுப்பியிருக்கிறார். அதைத்தான் நான் இடித்தேன். அதைத்தான் சகியுசா ஏழு சிரட்டை குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். தன்னிடம் கேட்க வந்த மன்னிப்பை, கேட்கும் முன்னாலேயே குடித்துத் தீர்த்த ஆள் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அடுத்த கட்டு எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் ஆனா என்னடா, இவ்வளவு நாள் இருந்தீங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். கை ஈரமாக இருந்ததால் நான் வாங்கவில்லை, அவனையே படிக்கச் சொன்னேன். வசித்திக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். தலைப்பிரசவம். அவளுடைய அம்மா தீவுக்கு வரவில்லை. குடும்பத் தலைவன் மூத்த மகன்தான். அவன் மன்னிப்பை ஏற்காமல் அம்மா பெனையா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. தீவுக்குப் படகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, அடுத்தது புதன்கிழமை. அதை விட்டால் அதற்கடுத்த படகு வருவதற்குள் குழந்தை பிறந்தாலும் பிறந்துவிடும். கடைசி வரியில், 'எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா வருவாளா?' என்று எழுதியிருந்தது.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. சமையல்காரனுக்குக் கண் முக்கியம். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவனைக்கூட மன்னிக்கலாம். ஒரு தகப்பன் கட்டி அனுப்பிய கட்டையும் படைக் கட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனை என்ன செய்வது?

"முகாம் தலைமையிடத்துல ஒரு திமிங்கிலப் பல் இருக்குல்ல, மாமா? கண்ணாடிப் பெட்டியில?"

"இருக்கு. கேட்டா மூணு படிவம் எழுதச் சொல்வான். 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும். என்ன எழுதுவ? 'சார்ஜெண்டோட தங்கச்சியத் தூக்கினேன்'னா?"

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஞாயிறு வரை யோசித்தேன். நான் பிறந்தது தூது பேசுகிற குலத்தில். என் அப்பா, பெரியப்பா எல்லோரும் தலைவர்கள் முன்னால் உட்கார்ந்து அடுத்தவருக்காகப் பேசியே காலம் தள்ளியவர்கள். எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் சமைக்க வந்தேன். ஆனால் முன்காலத்தில் ஒன்றுமில்லாதவன் ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய் வைத்துப் பணிந்தான் என்று அப்பா சொல்லிக் கேட்டது மட்டும் ஞாபகம் வந்தது. என் நிலம், என் உயிர், எல்லாம் இனி உன் கையில் என்று அர்த்தம்.

ஞாயிறு ஜெபம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, சகியுசா தன் அறையில் காலை நீட்டியிருந்த நேரம் பெனையாவைக் கூப்பிட்டேன்.

"சுலு வேட்டியக் கட்டிக்க. வெள்ளைச் சட்டை போட்டுக்க. ஒரு சாக்குல மண்ணு எடுத்துட்டு வா. சீக்கிரம், அவன் தூங்கிடப் போறான்."

ஓடினான். நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் மூட்டையோடு வந்து நின்றான். அவ்வளவு சீக்கிரம் எங்கே அள்ளினான் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்ததில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

வாசலில் உட்கார்ந்தோம். பெனையா மூட்டையை முன்னால் வைத்துத் தலையைத் தரையைப் பார்க்கத் தொங்கப்போட்டான். நான் கையைக் குவித்து மூன்று தடவை தட்டினேன். உள்ளே சகியுசா எழுந்து உட்காருவது கேட்டது. அவன் வெளியே வந்து, எங்களைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வாசற்படிக்கு உள்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தானே, அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. உட்காராமல் நின்றிருந்தால் நாங்கள் எழுந்து போக வேண்டியதுதான்.

"ஐயா," என்று ஆரம்பித்தேன். "சவுசவு மண்ணோட மூத்த வீட்டுக்கு, கோரோத் தீவுல இருந்து, கடல் தாண்டி..." அதற்கு மேல் வரவில்லை. காலையிலிருந்து மனப்பாடம் செய்த அத்தனையும் ஆவியாகிப்போனது. கடைசியில் வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"தம்பி, எனக்கு ஒழுங்காப் பேச வராது. வேர் வந்திச்சு. இவங்கப்பா ஆறு வருஷ வேரப் பிடுங்கி அனுப்பினாரு. நான்தான் கண்ணு தெரியாம இடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை நீ குடிச்சியே, அதுதான். அதனால வெறும் மண்ணோட வந்திருக்கோம். திட்டுறதுன்னா என்னத் திட்டு. இந்தப் பிள்ள மூணு மாசமா வாயத் திறக்காம செத்துக்கிட்டிருக்கான். உன் தங்கச்சிக்கு மூணு வாரத்துல பிரசவம். அம்மாவ அனுப்பு."

ரேடியோ கரகரத்தது. மணி மூன்று. சகியுசா கையை நீட்டி ஒலிவாங்கியை எடுத்து, எங்களைப் பார்த்தபடியே, "அமைதி," என்று சொல்லி வைத்தான்.

"அண்ணே, எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல," என்றான் என்னிடம். "வளந்ததுக்கப்புறம் அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசக் கூடாது. பதினாலு வருஷமா நான் அவகிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. தினம் காலையில என் வாசல்ல டீ இருக்கும். மேல ஒரு தட்டு மூடி. அவ வெச்சிட்டுப் போவா. அதுதான் எங்க பேச்சு."

நாங்கள் தலையை நிமிர்த்தவில்லை.

"அன்னைக்கும் டீ இருந்திச்சு. வீட்டுல சத்தமே இல்ல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. கோப்பையத் தொட்டுப் பாத்தேன், சூடா இருந்திச்சு. படகு இன்னும் கெளம்பியிருக்காது. ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம். உக்காந்து குடிச்சேன். முழுசாக் குடிச்சேன். குடிச்சி முடிச்சப்புறம்தான் அம்மாவ எழுப்பினேன்."

அவன்தான் அவளைப் போக விட்டிருக்கிறான். அது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"எனக்குக் கோவம் அவ போனதுல இல்ல. மூணு மாசமா இவன் இங்க இருக்கான். லெட்டர் வருது, படிக்கிறான், மடிச்சு வெச்சுக்கிறான். நான் அவகிட்ட கேக்க முடியாது. இவன்தான் வந்து சொல்லணும். அவ எப்படி இருக்கா, சாப்பிடுறாளா, ஒரு வார்த்த. இந்த மடையன் 'சரிங்க சார்ஜெண்ட்'ங்கிறான்."

"பயந்துட்டேன், சார்," என்றான் பெனையா தரையைப் பார்த்தபடி. "மன்னிப்பு கேக்காம அவ பேர உங்க முன்னாடி எடுக்கலாமான்னு..."

"சாப்பிடுறாளா?"

"மாங்காதான் திங்கிறா. உப்பு தொட்டுக்கிட்டு. வேற எது குடுத்தாலும் வாந்தி. கால் வீங்கியிருக்கு. கோயில்ல பாட்டு ஆரம்பிச்சா குழந்த உதைக்குதாம். எங்கம்மா நல்லா பாத்துக்கிறாங்க, ஆனா... அவங்கம்மாவக் கேக்குறா. பயமா இருக்காம்."

சகியுசா கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். பிறகு இரண்டு கையையும் நீட்டி மூட்டையைத் தொட்டுத் தன் பக்கம் இழுத்தான். நான் பெருமூச்சு விட்டேன். தொட்டுவிட்டான். கை தட்ட வேண்டிய நேரம், நானும் கையைக் குவித்துவிட்டேன். ஆனால் அவன் விரல் மூட்டையின் ஓரத்தில் எதையோ தடவிக்கொண்டு நின்றது.

நீல நூல் தையல்.

அவன் எழுந்து, வாசலைத் தாண்டி, சுவரின் மூலையை எட்டிப் பார்த்தான். மேல் வரிசையில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு இடைவெளி. திரும்பி பெனையாவைப் பார்த்தான். போச்சு, எல்லாம் போச்சு, இந்தப் பாவிப்பயல் அவன் சுவரிலிருந்தே உருவிக்கொண்டு வந்திருக்கிறான்.

"டேய்," என்றான் சகியுசா. "முதல்ல என் வீட்ல இருந்து பொண்ணத் தூக்கின. இப்ப என் சுவத்தத் தூக்கிட்டு வந்து என்கிட்டயே குடுக்குறியா, கோரோத் திருட்டு நாயே?"

டேய் என்றான். நாய் என்றான். மூன்று மாதத்தில் முதல் தடவை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எட்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். சாலையைப் பார்க்க வேண்டிய காவல்காரன்கூட மேலேயிருந்து சிரித்தான். நான் அழுதேன். பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை, ஆனாலும் அழுதேன். பெனையா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்தபடியே, "மன்னிக்கணும் சார், அவசரத்துல..." என்றான்.

"சாராம்ல சார். அண்ணே, இதப் பாருங்க, திருப்பித் திட்டக்கூட வக்கில்லாததப் போயி எந்தங்கச்சி கட்டியிருக்கா."

செவ்வாய்க்கிழமை, எங்களைப் போலவே காவலுக்கு வந்திருந்த உருகுவே நாட்டுக்காரனின் தண்ணீர் லாரியில் தொற்றிக்கொண்டு மூன்று பேரும் தலைமை முகாமுக்குப் போனோம். அங்கேதான் டெலிபோன். சவுசவு தபாலாபீசுக்குப் பேசி, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்தோம். சகியுசா, "அம்மா, முடிஞ்சிடுச்சு. நாளைக்குப் படகுல போம்மா," என்றான். அந்தப் பக்கம் அம்மா சொன்னது டெலிபோனுக்கு வெளியேயும் கேட்டது.

"துணிமணி கட்டி ஒரு மாசம் ஆச்சு. உனக்கு எப்ப புத்தி வரும்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த மூன்று வாரம் பெனையாவுக்குப் பாவம், பொழுது போதவில்லை. நடந்தால் திட்டு, உட்கார்ந்தால் திட்டு. "சுவர்த் திருடன் வர்றான், மூட்டையெல்லாம் எண்ணி வைங்கடா." சகியுசா சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் அவிழ்த்தான். ஆனால் பெனையா வாயைத் திறந்தால் "சரிங்க சார்"தான். எனக்கே எரிச்சலாக இருந்தது. திட்டு ஒரு பக்கமாகப் போனால் அது வெறும் திட்டு. திரும்பி வந்தால்தான் உறவு.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு ரேடியோவில், தலைமை முகாம்காரன் விதியை மீறி, "உங்க மேட்டுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சுகம். பாட்டி பக்கத்துல இருக்காங்க," என்றான். சகியுசா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அமைதி," என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. பெனையா அடுப்படிக்கு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். என் எடைக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பெனையா இந்தத் தடவை மடித்து வைக்கவில்லை, சகியுசாவிடம் போய்ச் சத்தமாகப் படித்துக்காட்டினான். கடைசிப் பத்தியை மட்டும் அவனிடம் படிக்கவில்லை. அடுப்படிக்கு வந்து என்னிடம் காட்டினான்.

'அண்ணனுக்கு அங்கே காலையில் டீ யார் வைக்கிறார்கள்? வாசலில் வைத்துத் தட்டால் மூடிவிடு. சர்க்கரை மூன்று கரண்டி. நான் வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல். நான் போன அன்று நன்றாகச் சூடாக வைத்துவிட்டுத்தான் போனேன், அது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.'

மறுநாள் விடிந்ததும் சகியுசா மூட்டை எண்ண வெளியே வந்தான். வாசலில் கோப்பை இருந்தது, மேலே ஒரு தட்டு மூடி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து தொட்டுப் பார்த்தான். அப்படியே படியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தான். அன்றைக்கு அவன் மூட்டை எண்ணவில்லை.

பிறகு காலிக் கோப்பையோடு அடுப்படிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. பெனையா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய் கைவெளங்காதவனே. இதெல்லாம் ஒரு டீயா? எந்தங்கச்சி போடுறதுல கால்வாசி கூட இல்ல."

பெனையாவின் கை நின்றது. சொல்லுடா, சொல்லித் தொலைடா, இன்னொரு 'சார்' போட்டால் கரண்டியாலேயே அடிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அந்த மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி, மச்சான்," என்றான்.